கொல்லைப்புறம் தெரிகிற படம்

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு கோட்டை வாசல் நிற்கிறது. கோட்டை எப்போதோ போய்விட்டது, பாலாற்றைப் பார்த்தபடி வாசல் மட்டும் மிச்சம். ஆற்காட்டுக்கு வருகிறவர்கள் மக்கன் பேடா வாங்கிக்கொண்டு நேராக இங்கேதான் வருவார்கள். வளைவுக்கு முன்னால் நின்று ஒரு படம், படியேறி மாடிக்குப் போய் ஒரு படம். அப்புறம் பேடா வந்த அட்டைப் பெட்டியை எங்கள் கொல்லையில் வீசிவிட்டுப் போவார்கள். எங்கள் தெருவில் அதற்குப் பெயர் ‘கேட்டு’, அவ்வளவுதான். சரித்திரமெல்லாம் வெளியூர்க்காரர்களுக்கு.

அம்மாவுக்கும் அந்தக் கேட்டுக்கும் நாற்பது வருஷப் பகை. காரணம் எங்கள் கக்கூஸ். அது கொல்லைக் கோடியில் இருந்தது. பின்கதவிலிருந்து பதினைந்து எட்டு வைத்து நடக்க வேண்டும். அந்தப் பதினைந்து எட்டும் கேட்டு மாடியில் நிற்பவர்களுக்கு அப்படியே தெரியும். அதனால் அம்மா பின்கதவைத் திறந்ததும் தலையைத் தூக்கி மேலே பார்ப்பாள். ஆள் இருந்தால் கதவைச் சாத்திவிட்டுக் காத்திருப்பாள். ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டம் ஜாஸ்தி என்பதால் அன்றைக்குக் காலைக் காபியைக்கூடப் பாதிதான் குடிப்பாள். “கல்லுல இன்னாத்த பாக்கறானுங்களோ” என்று முணுமுணுப்பாள். சர்ச்சுக்குப் போகும்போது பட்டுப்புடவையில் ஒரு மடிப்புக் கலையாமல் நடக்கிறவள் அவள். கையில் தண்ணீர் மக்கோடு யார் கண்ணிலும் படக்கூடாது என்பது அவளுக்கு வேதவாக்கு மாதிரி.

போன மழைக்காலத்தில் அவளுக்கு ஸ்ட்ரோக் வந்தது. வலது கை, வலது கால், பேச்சு, மூன்றும் ஒரே காலையில் போயின. வேலூர் ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் வைத்திருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அனுப்பும்போது நர்ஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, உட்காருகிற மாதிரி வெஸ்டர்ன் டாய்லெட், பிடித்துக்கொள்ளக் கம்பி, வீல்சேர் நுழைகிற கதவு, இந்த மூன்றையும் முதலில் செய்யச் சொன்னார். எங்கள் பழைய கக்கூஸில் இறங்க இரண்டு படி. கதவிலோ ஒருக்களித்துத்தான் நுழைய முடியும்.

நான் ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் செக்கர். இருபத்திரண்டு வருஷமாக ஒரே மேஜை. ரிஜெக்ட் ஆன ஷூவை அங்கேயே கத்தியால் கிழித்துப் போட வேண்டும் என்பது எங்கள் வேலையில் முதல் பாடம். கிழிக்காமல் விட்டால் அது நல்ல சரக்கோடு கலந்துவிடும், இல்லை வெளியே போய்விடும். உதவாது என்று முடிவு செய்ததை ஒரு நிமிஷம்கூட முழுசாக வைத்திருக்க என் கைக்குத் தெரியாது.

அந்தக் கைதான் அன்றைக்கும் முந்திக்கொண்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மேஸ்திரி வந்தார். “பழசு நிக்கட்டும்மா, பக்கத்துல புதுசு எழுப்பிட்டு அப்புறமா இட்சிக்கலாம்” என்றார். நான்தான் கேட்கவில்லை. “ஒதவாதத வெச்சிக்கினு இன்னா பண்றது, இடிங்க” என்றேன். பத்து மணிக்குள் அது தரையோடு தரையாகிவிட்டது. பன்னிரண்டு மணிக்கு டிராக்டர் வந்து, கதவு உட்பட எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனது. யாரோ பள்ளம் நிரப்பக் கேட்டிருந்தார்கள். கொல்லை சுத்தமாக இருந்தது. எனக்கு ஒரே திருப்தி.

மதியம் கேட்டின் வாட்ச்மேன் வந்தார். எங்கள் வீட்டில் பத்து வருஷமாக டீ குடிக்கிற மனிதர். வெறுந்தரையைப் பார்த்ததும் அவர் முகம் செத்துப்போனது.

“அக்கா, இன்னாக்கா பண்ணிட்ட?”

அவர் சொல்லித்தான் எனக்கு விஷயம் புரிந்தது. கேட்டிலிருந்து நூறு மீட்டருக்குள் புதிதாக ஒரு செங்கல் வைக்கக்கூடாது. ஏற்கெனவே இருப்பதை ரிப்பேர் செய்ய மட்டும் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கலாம். எங்கள் கொல்லையில் பலமாகத் தும்மினால் கேட்டில் நிற்பவன் திரும்பிப் பார்ப்பான், அவ்வளவு தூரம்தான். பழைய கக்கூஸ் நின்றிருந்தால் அதை ரிப்பேர் என்று சொல்லி அகலப்படுத்தக் கேட்டிருக்கலாம். இப்போது அங்கே மண். மண்ணின் மேல் எது எழும்பினாலும் அது புதுசு.

“ஃபோட்டோ எட்த்து மேல அனுப்பிட்டேன்கா. அனுப்பலன்னா என் வேல போய்டும்” என்றார். அவர் மேல் எரிச்சல் வந்தது. ஆனால் இடித்தது அவர் இல்லையே.

எதையும் கட்டக்கூடாது என்று தொல்பொருள் துறையிலிருந்து நோட்டீஸ் வந்தது. மேஸ்திரி வேறு வேலைக்குப் போய்விட்டார். வீட்டுக்குள்ளேயே ஒரு மூலையில் வைத்துக்கொள்ளலாமே என்று ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். வீடே இரண்டு அறை. உள்ளே வைத்தாலும் குழாய்க்கும் தொட்டிக்கும் தோண்டத்தான் வேண்டும். தோண்டினால் அதே நோட்டீஸ்.

பெட்பேன் வைத்தால் அம்மா சுவர் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுவாள். எதிர்வீட்டில் வெஸ்டர்ன் டாய்லெட் இருந்தது. உருது பேசுகிற குடும்பம், எங்களோடு மூன்று தலைமுறைப் பழக்கம். காலையில் ஷிஃப்டுக்கு முன்னாலும் சாயந்திரம் வந்த பிறகும் நானும் அந்த வீட்டு அண்ணியும் அம்மாவைப் பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்துத் தெருவைக் கடந்து தூக்கிப்போவோம். நடுவில் டயப்பர்தான். தெருவே பார்க்கும். அம்மா கண்ணை இறுக்கி மூடிக்கொள்வாள்.

பிறகு தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டாள். வாயில் ஊற்றினால் பல்லைக் கடித்துக்கொள்வாள். உதடு வெடித்தது. இரண்டு முறை சிறுநீரில் கிருமி என்று காய்ச்சல் வந்து ஊசி போட்டார்கள். ஒருநாள் நான் பொறுமை இழந்து, “செத்துப்போலாம்னு பாக்கறியா?” என்று கத்திவிட்டேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கேள்விக்கு அவளிடம் பதில் இருந்தது என்று எனக்குத் தோன்றியது.

லீவு போட்டுவிட்டு வேலூரில் நோட்டீஸ் அனுப்பிய ஆபீசுக்குப் போனேன். அங்கே இருந்த கிளார்க் நல்ல மாதிரிதான். உட்காரச் சொன்னார், மனுவைப் படித்தார். “பழசு இருந்ததுக்கு ஆதாரம் எதுனா இருக்குதாம்மா? வீட்டு வரி ரசீதுல கக்கூஸ் வராது. ஃபோட்டோ இருந்தா கொண்டாங்க, ரிப்பேர்னு போட்டுப் பாக்கலாம்” என்றார். எனக்கு உயிர் வந்தது. எங்கள் வீட்டில் படங்களுக்கா பஞ்சம்?

எங்கள் தெருவில் கல்யாணமோ, வளைகாப்போ, ரம்ஜானோ, கிறிஸ்துமஸோ, புதுத்துணி போட்டதும் எல்லோரும் கேட்டின் முன்னால் போய் நிற்பார்கள். அது ஒரு வழக்கம். அங்கே படம் எடுக்காவிட்டால் விசேஷம் நடந்த மாதிரியே இருக்காது. ஆல்பங்களை எல்லாம் இறக்கினேன். என் ஞானஸ்நானம், என் பள்ளிக்கூடப் பரிசு, என் கல்யாணம், எல்லாவற்றிலும் கேட்டு. அதில் எந்தக் கல் எப்போது பெயர்ந்தது என்றுகூட என்னால் சொல்ல முடியும். ஆனால் ஒவ்வொரு முறையும் படம் எடுத்தவர் எங்கள் கொல்லைச் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டுதான் எடுத்திருக்கிறார். ஒருவர்கூடத் திரும்பவில்லை.

தெருவில் வீடு வீடாகப் போய்க் கேட்டேன். அவர்களும் ஆல்பங்களைக் கொடுத்தார்கள். எங்கும் அதே கதை. அந்தக் கேட்டு இங்கே நின்றது என்பதற்கு எங்கள் தெரு மூட்டை மூட்டையாக ஆதாரம் சேர்த்து வைத்திருக்கிறது. எங்களுக்கென்று ஒன்றுமில்லை. தரையில் உட்கார்ந்து ஆல்பங்களுக்கு நடுவில் அழுதேன்.

ஒரு வாரம் கழித்து எதிர்வீட்டு அண்ணன் ஒரு கவரோடு வந்தார். படத்தைக் கவிழ்த்தபடிதான் என் கையில் கொடுத்தார்.

“சின்ன வயசுல புது கேமரா வாங்கினேன். ஃபிலிம் ரோல்ல ஒண்ணு மிச்சம் இருந்துது, முடியணும்னு கேட்டு மேலேர்ந்து சும்மா அட்சேன். கழுவி வந்தப்புறம்தான் பாத்தேன். யாருக்கும் காட்டல. நீ கேட்டதுலேர்ந்து குடுக்கறதா வேணாமான்னு ஒரே பேஜாரா இருந்துது.”

அவர் போன பிறகு திருப்பிப் பார்த்தேன். எங்கள் கொல்லை. ஆஸ்பெஸ்டாஸ் கூரை, நீலத் தகரக் கதவு. மூலையில் ஆரஞ்சு நிறத்தில் தேதி. கதவைத் திறந்துகொண்டு அம்மா வெளியே வருகிறாள். புடவையை முழங்கால் வரை தூக்கிச் செருகியிருக்கிறாள், தலை அவிழ்ந்திருக்கிறது, கையில் சிவப்பு மக். வழக்கம்போல மேலே பார்த்திருக்கிறாள். முகம் நேராகக் கேமராவில்.

அவளுக்குத் தெரியாமல் கொடுத்திருக்கலாம். மனது கேட்கவில்லை. அவள் மடியில் வைத்து விஷயத்தைச் சொன்னேன். வெகுநேரம் பார்த்தாள். இடது கை மெதுவாக நகர்ந்து வந்தது. கட்டைவிரலைப் படத்தில் இருந்த தன் உருவத்தின் மேல் வைத்து அழுத்தினாள். நான் இழுத்துப் பார்த்தேன், விடவில்லை. கரண்டி பிடிக்கவே இன்னும் பழகாத அந்த இடது கைக்கு அத்தனை பலம் எங்கிருந்து வந்ததோ. கதவு தெரிந்தது, கூரை தெரிந்தது, தேதி தெரிந்தது. அவள் மட்டும் தெரியவில்லை.

“சரிமா, இப்டியே குடுக்கறேன்” என்று சொல்லி, விரலோடு சேர்த்துப் போனில் படம் எடுத்தேன். அவள் தலையாட்டினாள். அன்றைக்கு ஒரு டம்ளர் தண்ணீரை முழுசாகக் குடித்தாள்.

பெரிதாகப் பிரிண்ட் போட்டுக்கொண்டு வேலூருக்குப் போனேன்.

“இன்னாமா இது, நடுவுல வெரலு?” என்றார் கிளார்க்.

“எங்கம்மா சார். மூஞ்சி தெரிய வேணாம்னு வெச்சிருக்காங்க.”

“மறைச்சி எடுத்ததுல்லாம் நிக்காதும்மா. ஒரிஜினல் இருக்குதா?”

ஒரிஜினல் என் பையில் இருந்தது. வீட்டில் வைத்துவிட்டு வராமல் ஏன் எடுத்துக்கொண்டு வந்தேன்? கேட்பார்கள் என்று எனக்குத் தெரியும். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் எடுத்துக் கொடுத்தேன்.

ஸ்கேன் போட்டார். கம்ப்யூட்டர் திரை முழுக்க அம்மா வந்து நின்றாள், மக்கோடு. பக்கத்து மேஜையில் இருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். “கதவு நல்லா தெரியுதும்மா” என்று அவர் சந்தோஷமாகத்தான் சொன்னார். மனுவோடு சேர்த்து ஸ்டேப்ளர் அடித்தார். திரும்பக் கிடைக்குமா என்று கேட்டேன். “இது இனிமே ஃபைல்லதாம்மா இருக்கும். மேல போவும், ஒவ்வொருத்தரா பாத்து கையெழுத்துப் போடணும்” என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா இடது கையை நீட்டினாள். விரலோடு இருந்த பிரிண்டைக் கொடுத்தேன். பார்த்துவிட்டுத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டாள். உண்மையை நான் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

அனுமதி இன்னும் வரவில்லை. இடித்த இடத்தில் புல் முளைத்துவிட்டது. அம்மா இப்போது ஒழுங்காகத் தண்ணீர் குடிக்கிறாள். டம்ளரைக் கவிழ்த்துக் காட்டுகிறாள். நாங்கள் தூக்கிப்போகும்போது கண்ணை மூடுவதில்லை. தெரு நடுவில் தலையைத் தூக்கிக் கேட்டு மாடியைப் பார்க்கிறாள். அங்கே ஆள் இல்லையென்றால் என்னைப் பார்த்துக் கோணல் வாயால் சிரிக்கிறாள், யாரும் பார்க்கவில்லை என்று. நான் நாற்காலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தபடி நடக்கிறேன்.