பட்டுப் பிரிவு பானுக்காவின் வலது கால்

தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை திருச்சியில் பாதிப் பேர் ஜவுளிக்கடைக்குள் இருப்பார்கள். மீதிப் பேர் பைகளோடு வெளியே நின்று, உள்ளே போனவர்களைத் திட்டிக்கொண்டிருப்பார்கள். நான் உள்ளே இருக்கிறவள். இரண்டாவது மாடி, பட்டுப் பிரிவு, பில் மேஜை. பதினோரு வருஷமாக அங்கேதான் உட்கார்ந்திருக்கிறேன். அந்த மாடியில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவள் நான் ஒருத்திதான். வாங்க வருகிறவர்கள் வெள்ளை விரிப்புப் போட்ட மெத்தையில் சம்மணம் போட்டு உட்காருவார்கள். விற்கிறவர்கள் அதே மெத்தையில் செருப்பில்லாமல் காலையிலிருந்து ராத்திரி வரை நிற்பார்கள்.

கடைகளில் வேலை செய்கிறவர்கள் உட்கார இருக்கை போட வேண்டும் என்று சட்டம் வந்தபோது எங்கள் மாடிக்கும் நாலு ஸ்டூல் வந்தது. இப்போது அதன்மேல் அட்டைப்பெட்டி அடுக்கியிருக்கிறது. சூப்பர்வைசர் அழகிரி சார் கெட்டவர் இல்லை. “உக்காந்திருக்கிறவங்ககிட்ட யாரும்மா பொடவை கேப்பாங்க?” என்பார், உண்மையிலேயே சந்தேகம் கேட்பதுபோல. அவரும் நிற்கிறவர்தான். சட்டம் போட்டவர்கள் வீட்டுப் பெண்களும் எங்களிடம் பட்டு எடுக்க வருவார்கள். அவர்கள் மெத்தையில் உட்கார்ந்துகொள்வார்கள்.

பானுமதியை நாங்கள் எல்லாரும் பானுக்கா என்போம். ஐம்பத்தோரு வயது, இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். ஒரு குடும்பம் செருப்பை விட்டு மெத்தையில் ஏறும்போதே அது எந்த ஊர் என்று பானுக்கா சொல்லிவிடுவார். திருவெள்ளறைப் பக்கத்து விவசாயக் குடும்பம் என்றால் ஒரு புடவைக்குப் பதினோரு பேர் வருவார்கள். பத்துப் பேர் கருத்துச் சொல்வார்கள், கட்டப்போகிறவள் மட்டும் வாய் திறக்க மாட்டாள். ஸ்ரீரங்கத்து மாமிகள் புடவையைத் திருப்பிப் பின்பக்கத்தைத்தான் முதலில் பார்ப்பார்கள். எல்லாருக்கும் பானுக்கா தன் தோளில்தான் போட்டுக் காட்டுவார். எந்த நிறமும் அவர் தோளில் எடுப்பாக இருக்கும். வீட்டில் போய்க் கட்டிப் பார்த்துவிட்டு ஏமாந்தவர்களும் உண்டு.

இந்த வருஷம் இன்னொரு தொல்லை. தேர்தல் வருகிறது என்பதால் புடவையின் கரை நிறமும் உடல் நிறமும் சேர்ந்திருப்பதைப் பார்த்து ஆண்கள் முகம் சுளிக்கிறார்கள். “இது அந்தக் கட்சிக் கொடி மாதிரி இருக்கே” என்று மணப்பாறைக்காரர் ஒருவர் மனைவி ஆசைப்பட்ட புடவையைத் தள்ளிவிட்டார். பானுக்கா அதை மறுபடி எடுத்து விரித்தார். “தேர்தல் முடிஞ்சா கொடியை எறக்கிடுவாங்க சார். அம்மா இதைப் பத்து வருஷம் கட்டுவாங்க.” அந்த அம்மாள் முதல்தடவையாகச் சிரித்தாள். நான் பில் போட்டேன்.

பட்டு எடுத்து முடித்த குடும்பம் அடுத்தபடியாகச் சண்டை போடுவது எங்கே சாப்பிடுவது என்பதற்கு. அதை என் மேஜைக்கு எதிரில் நின்றுதான் போடுவார்கள். ஆண்களுக்குச் சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் பரோட்டா வேண்டும். பெண்களுக்கு எங்கேயாவது உட்கார்ந்து ஒரு காபி வேண்டும். யாராவது ஒருத்தர் பெரிய பூந்தி வாங்காமல் வீட்டுக்கு வரமாட்டேன் என்பார். நாலு மணிக்கு எங்களுக்கு ஆறிப்போன மெதுபோண்டா வரும், ஆளுக்கு இரண்டு. அதில் தேங்காய்ச் சட்னி இருந்ததா இல்லையா என்றுகூடத் தீபாவளி வாரத்தில் நினைவிருக்காது. நிறமும் சத்தமும் மண்டையில் ஏறாது. கண்ணெதிரில் குழந்தை விழுந்தால்கூட யாருடைய குழந்தை என்று நிதானமாகப் பார்ப்போம். எல்லாருக்கும் கால் மரத்துப்போகும்.

பானுக்காவின் கால் மட்டும் வீட்டுக்குப் போய் வெந்நீரில் வைத்தாலும் திரும்பி வராது. அது எனக்குத் தெரியும். ஆடித் தள்ளுபடி நேரத்தில் சாப்பாட்டு அறையில் நான் கொதிக்கிற ரசத்தை அவர் பாதத்தில் கொட்டிவிட்டேன். அவர் காலை இழுக்கவே இல்லை. அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தார். நான் துடைத்தபோதுதான் குனிந்து பார்த்தார்.

“சர்க்கரைடி, சபீனா. ரெண்டு காலும் செத்துப் போச்சு. வெறுங்காலோட நடக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. இங்க செருப்புப் போட்டுக்கிட்டு மெத்தையில ஏற முடியுமா? யார்கிட்டயும் சொல்லிடாத.”

சொல்லக்கூடாது என்பதற்குக் காரணம் எங்களோடு புடவை விற்ற வேலம்மாள். முட்டிவலி வந்து அவள் நிற்கச் சிரமப்பட்டபோது முதலில் கீழே வாசலில் வேலைக்குப் போட்டார்கள். பிறகு குடோன். பொங்கல் முடிந்ததும் “வீட்ல ரெஸ்ட் எடுங்கம்மா” என்று அன்பாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். பானுக்காவுக்கு வீடு என்பது ஒரு வாடகை அறை. கணவர் இறந்து ஆறு வருஷம் ஆகிறது. மகன் அஜித் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான், அவனுக்கும் ஒரே அறை, அதில் மனைவி, இரண்டு பிள்ளைகள். இந்த வேலை போனால் பானுக்கா அந்த அறையின் ஏதாவது ஒரு மூலைக்குப் போக வேண்டும். “அங்க போனா நான் அஜித்தோட அம்மா. இங்கதான் நான் பானுமதி” என்று ஒருநாள் சொன்னார். நான் யாரிடமும் சொல்லவில்லை. அதுவே பெரிய உதவி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஞாயிறு மதியம் ஸ்ரீரங்கத்திலிருந்து ரெங்கநாயகி மாமி வந்தார். பெண்ணுக்குத் தலைதீபாவளி. மாமி பானுக்காவைத் தவிர வேறு யாரிடமும் எடுக்க மாட்டார். முப்பது புடவைக்குமேல் விரித்தாகிவிட்டது. பானுக்கா அலமாரிக்கும் மெத்தைக்குமாக நடந்துகொண்டிருந்தார். மாமி ஒரு அரக்குப் புடவையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே கீழே கையைக் காட்டினார்.

“இதென்ன, குங்குமமா கொட்டியிருக்கு?”

குங்குமம் இல்லை. வெள்ளை விரிப்பில் சின்னதாக ஒரு சிவப்புப் பொட்டு. அதற்கு ஒரு அடி தள்ளி இன்னொன்று, பிறகு இன்னொன்று. அழகிரி சார் வேகமாக வந்தார். பட்டில் ரத்தம் பட்டால் போகாது. “யார் கால்ல என்ன குத்தியிருக்குன்னு பாருங்க, சீக்கிரம்” என்றார், வாடிக்கையாளருக்குக் கேட்காத குரலில்.

மெத்தையில் நின்று விற்கிற மற்ற ஐந்து பேரும் காலைத் தூக்கிப் பார்த்தார்கள். பானுக்கா தன் காலைப் பார்க்கவில்லை. வலிக்காத காலை யார் பார்ப்பார்கள்? நேராக அவர்களில் ஒருத்தியான செல்வமேரியிடம் போனார். “காலையில ஊசி குத்துச்சுன்னு கத்துனியே, காட்டு” என்று மண்டிபோட்டு அவள் பாதத்தைத் தன் கையில் வாங்கிப் பார்த்தார். ஒன்றுமில்லை. அடுத்தவளிடம் போனார். பார்த்துப் பார்த்துத் தடவிப் பார்த்தார். அவர் போன வழியெல்லாம் புதிதாகப் பொட்டு விழுந்துகொண்டிருந்தது. என் மேஜையிலிருந்து எனக்கு நன்றாகத் தெரிந்தது. கண்ஜாடை காட்டினேன், அவர் என் பக்கம் திரும்பவில்லை. எழுந்து போய் ஒரு புடவையை அவர் காலடியில் தள்ளியிருக்கலாம், கைதவறித் தண்ணீரைக் கொட்டியிருக்கலாம். நான் நாற்காலியை விட்டு எழவில்லை. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

“பானு, நீ போற எடத்துலதான் விழறது. உன் காலைப் பாரு” என்றார் மாமி.

பானுக்கா செல்வமேரியின் தோளைப் பிடித்துக்கொண்டு வலது காலைத் தூக்கினார். குதிகாலில் ஒரு குண்டூசி தலைவரை இறங்கியிருந்தது. எப்போது ஏறியதோ, அதன்மேலேயே நடந்திருக்கிறார். இரண்டு விரலால் பிடித்து இழுத்தார், புடவையிலிருந்து விலைச்சீட்டு ஊசியை இழுப்பதுபோல. மெத்தையில் விழக்கூடாது என்று நாங்கள் எல்லாரும் ஊசிகளைத் தோள் மடிப்பில் குத்தி வைப்போம். பானுக்காவும் அதைத் துடைத்துத் தன் தோளில் குத்திக்கொண்டார். காலைக் கீழே வைத்தார். “ஒண்ணுமில்ல மாமி, அந்த அரக்கு நல்லா இருக்கும், பாருங்க” என்றார்.

யாரும் புடவையைப் பார்க்கவில்லை. காலையில் பாதி ஊசி குத்தியதற்கே அம்மா என்று அலறிய செல்வமேரி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அழகிரி சார் பானுக்காவின் காலைப் பார்க்கவில்லை, முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எதையோ கணக்குப் பார்க்கிற பார்வை இல்லை அது, பயந்த பார்வை.

“பானு,” என்றார், “வலிக்கலையா உனக்கு?”

பானுக்கா ஒருமுறை எல்லாரையும் பார்த்தார். கடைசியாக என்னைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. சடாரென்று குனிந்து இரண்டு கையாலும் காலைப் பிடித்துக்கொண்டார்.

“வலிக்குது சார். ரொம்ப வலிக்குது.”

பிடித்துக்கொண்டது இடது காலை.