வெள்ளிக்கிழமை பின்னேரம்

உள்ளே இருக்கும் விளக்கைப் போட்டதும் அந்தப் பூகோள உருண்டையிலிருந்து சூடேறிய பிளாஸ்ரிக் மணம் வரும். ரொறன்ரோவின் வெக்ஸ்போர்ட் பகுதியில் நாங்கள் இருந்த அப்பார்ட்மென்ரில், வீடு மாறிப்போனவர்கள் விட்டுச்சென்றதை அப்பா தூக்கிவந்து ரீவிக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். பேக்கரி வேலையால் வந்து சாப்பிட்ட கையோடு, அம்மாவின் தையல்நூலை உருண்டையின்மேல் ரொறன்ரோவில் பிடித்துக் கொழும்புவரை இழுத்து, "உது கிட்டத்தான் பிள்ளை, ரெண்டு நித்திரை கொண்டெழும்பினால் ஊர்" என்பார். கனடா வந்தபின் ஒருமுறைகூட ஊருக்குப் போயிராத மனுசனின் "கிட்டத்தான்" அது. நூல் என் கைக்கு இரண்டு சாண்தான் இருந்ததால் நானும் நம்பினேன்.

யாழ்ப்பாணத்தில் அப்பப்பா இறந்துவிட்டார் என்று சித்தப்பா ஃபோன் எடுத்தது ஒரு புதன்கிழமை காலை. கொள்ளி வைக்கவேண்டிய மூத்த மகன் அப்பாதான். உயிரோடு பார்க்கக் கிடைக்கவில்லை, கொள்ளியாவது வைக்கவேண்டும் என்ற ஒரே தவிப்போடு, ரிக்கெற் கடைக்காரர் சொன்ன பறப்பு நேரம், லண்டனில் காத்திருப்பது, கொழும்பிலிருந்து வான் பிடித்து யாழ்ப்பாணம் போவது எல்லாவற்றையும் குசினி மணிக்கூட்டைப் பார்த்து விரல்விட்டுக் கூட்டிவிட்டு, "வெள்ளிக்கிழமை பின்னேரம் நிப்பன். நான் வராமல் எடுத்துப்போடாதை" என்று தம்பிக்குச் சொன்னார். எங்கள் வெள்ளி பின்னேரம் அங்கே சனிக்கிழமை ஆகிவிடும் என்பது அழுதுகொண்டிருந்த அந்த வீட்டில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

சித்தப்பா தன் வெள்ளிக்கிழமையைத்தான் எண்ணினார். பொழுது படுமட்டும் படலையைப் பார்த்தபடி பிரேதத்தை வைத்திருந்தார்களாம். "நாளைக்குச் சனி, வைச்சிருக்கேலாது" என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். சித்தப்பாவே கொள்ளி வைத்தார். விடிய வந்திறங்கிய அப்பாவுக்குக் கிடைத்தது சூடு ஆறாத சாம்பல்தான்.

திரும்பி வந்தவர் தம்பியைக் குறைசொல்லவில்லை. வயரைக் கழற்றி, உருண்டையைத் தூக்கி அலுமாரிக்குள் வைத்தார், அவ்வளவுதான்.

இப்போது ரொறன்ரோவுக்கு வடக்கே ஸ்ரௌவ்வில்லில் இருக்கிறோம். வீடு மாறியதில் உருண்டை எங்கே போனதென்று தெரியவில்லை. எவ்வளவு தூரம், எத்தனை மணித்தியாலம் என்று என் மகன் ஃபோனில் ஒரு நொடியில் சொல்லிவிடுவான். "கிட்டத்தான்" என்று சொல்லத்தான் ஆளில்லை. அப்பா போன மாதம் போய்விட்டார்.

சித்தப்பாவுக்கு விசா கிடைக்கவில்லை. அண்ணையின் இறுதிக் கிரியையை வீடியோவிலாவது பார்க்கட்டும் என்று ஃபோன் எடுத்து, பழைய பிழை நடந்துவிடக் கூடாதென்ற பதற்றத்தில், "சித்தப்பா, உங்கட நேரப்படி" என்று தொடங்கினேன்.

"உங்கட நேரத்தையே சொல்லு பிள்ளை" என்றார். "அண்டைக்கு அண்ணை வந்து அந்தச் சாம்பலுக்குப் பக்கத்தில குந்தியிருந்ததைப் பாத்த நாளிலயிருந்து, இஞ்ச சுவரில ஒரு மணிக்கூடு கனடா நேரத்திலதான் ஓடுது." பிறகு கேட்டார்: "இனி அதை நிப்பாட்டட்டோ?"

வேண்டாம், ஓடட்டும் என்றேன்.