நாச்சியாபுரத்தில் ஏறாத வளையல்

ஈஸ்வரி முதலில் பார்ப்பது கையை. முகம் அப்புறம்தான். காரைக்குடியில் வளையல் கடை வைத்து இருபத்து மூன்று வருடம் ஆகிறது. சுற்றுவட்டாரத்தில் எங்கே வளைகாப்பு என்றாலும் பெட்டியோடு கிளம்பிவிடுவார். நாலு நாள் முன்னதாகப் போய் அளவு பார்ப்பார். விழா அன்று தானே போட்டுவிடுவார். அவர் கையால் போட்டு ஒரு வளையல்கூட உடைந்ததில்லை. வளைகாப்பில் கண்ணாடி உடைந்தால் பந்தலே முகம் வாடிவிடும் என்பதால், அந்தப் பேருக்கு இங்கே மதிப்பு அதிகம்.

போன மாசியில் நாச்சியாபுரம் முத்தழகு வீட்டில் விசேஷம். மருமகள் சத்தியப்பிரியாவுக்கு ஏழாம் மாதம், தலைப்பிள்ளை. அளவு பார்த்த அன்று ‘ரெண்டு நாலு’ சைஸ் வளையல் வழுக்கிக்கொண்டு ஏறியது. விழா அன்று அதே வளையல் விரல் முட்டியிலேயே நின்றது. ஒரு சைஸ் பெரியதை எடுத்தார். அதுவும் நின்றது.

ஈஸ்வரி புறங்கையில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். பள்ளம் விழுந்தது. விழுந்த பள்ளம் மேலே எழும்பவில்லை.

“நாலு நாளுல இம்புட்டு வீங்கியிருக்கே தாயி. தலை வலிக்குதா?”

“ரெண்டு நாளா விண்ணு விண்ணுன்னு வலிக்குது. பனியில நின்னதால வந்ததுன்னு அத்தை சொன்னாக.”

மாமியார் முத்தழகு குனிந்து பார்த்தார். “நீரு எறங்குது, வேறொண்ணுமில்ல. உதயகுமார் வயித்துல இருந்தப்ப நான் பூசணிக்கா மாதிரி இருந்தேன். அதான் இவளத் தண்ணியக் கொறைச்சுக் குடிக்கச் சொல்லியிருக்கேன். நீ சோப்பு போட்டு ஏத்து ஈஸ்வரி.”

முத்தழகு கொடுமைக்கார மாமியார் இல்லை. ஏழு மாதமாக மருமகளைக் குடம் தூக்கவிடவில்லை. வாய்க்குப் பிடித்ததைத் தேடித் தேடிச் சமைத்துப் போட்டார். வளைகாப்புக்கு முன்னால் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்க வேண்டாம் என்று போன வாரப் பரிசோதனையைத் தள்ளிவைத்ததும் அதே பாசத்தில்தான்.

ஆனால் ஈஸ்வரியின் கடைக்கு வழக்கமாக வரும் ஒரு நர்ஸ் ஒருமுறை சொல்லியிருந்தார்: காலில் வீக்கம் பலருக்கும் வரும்; கையும் முகமும் திடீரென்று உப்பி, தலையும் வலித்தால் அன்றைக்கே பிரஷர் பார்க்க வேண்டும். விட்டால் தாய்க்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து. அறுபது பேர் கூடிய பந்தலில் ஆஸ்பத்திரி என்று ஆரம்பித்தால் அறுபது யோசனை வரும். ஈஸ்வரி பெட்டியைச் சாத்தினார்.

“நான் போட மாட்டேங்க்கா.”

“விளையாடுறியா? நல்ல நேரம் இன்னும் முக்கால் மணிதான் இருக்கு.”

“இந்தக் கையில திணிச்சா ஒடையும். ஒடைஞ்சா என்னையத்தான் பேசுவீக.”

பந்தலில் அதற்கு மேல் யாரும் வற்புறுத்தவில்லை. உடையும் என்ற ஒரு சொல் போதுமானதாக இருந்தது.

“மொதக் காப்பு வேப்பங்கொழுந்துதானே? அதுக்கு அளவு கெடையாது,” என்றார் ஈஸ்வரி. “அதக் கட்டி ஆரத்தி எடுங்க, சடங்கு நிறைஞ்சிரும். வீக்கம் வத்தினதும் கண்ணாடிய நானே வந்து போடுறேன். இப்பப் புள்ளைய டாக்டர்ட்டக் காட்டுங்க.”

முத்தழகு மருமகளின் கையை எடுத்துத் தானே அழுத்தினார். பள்ளம் அப்படியே நின்றது.

“கொழுந்த எடுத்தாங்கடி,” என்றார். பிறகு மகனைப் பார்த்து, “உதயா, வண்டிய எடு.”

ஆஸ்பத்திரியில் பார்த்தபோது பிரஷர் நூற்றைம்பதுக்கு நூறு. நல்ல சமயத்தில் வந்தீர்கள் என்றார் டாக்டர். மாத்திரை, இரண்டு நாள் அங்கேயே கண்காணிப்பு, அதற்குப் பிறகு வாரா வாரம் பரிசோதனை. தண்ணீரைக் குறைக்கவே கூடாது என்று முத்தழகிடம் தனியாகச் சொன்னார்.

அதற்குள் பந்தலில் இருந்த பெண்கள் ஒரு வேன் நிறையப் பட்டுச்சேலையில் வந்து இறங்கினார்கள், புளியோதரை அண்டாவோடு. வார்டு வாசலில் இருந்த நர்ஸ் மறித்தார்.

“யாருக்கும்மா கல்யாணம்? நோயாளிக்குத் துணை ஒரு ஆளுதான்.”

“அப்பச் சோத்த மட்டுமாவது உள்ள விடுங்க,” என்றார் முத்தழகு. அன்று மதியம் அந்த வார்டு முழுக்கப் புளியோதரை.

பன்னிரண்டு நாள் கழித்து கண்ணாடி வளையல்கள் கைக்கு இருபத்தொன்றாக ஏறின. மறுபடியும் சமையல், மறுபடியும் கூட்டம். ஒரு பிள்ளைக்கு ரெண்டு வளைகாப்பா என்று தெருவே கேலி பேசியது. வைகாசியில் பெண் குழந்தை. தாயும் சுகம், பிள்ளையும் சுகம்.

இப்போது இந்தக் கதையை ஊருக்குச் சொல்வது முத்தழகுதான். சென்ற வாரம் பக்கத்து வீட்டுக் கர்ப்பிணி மஹாலட்சுமியை அளவு பார்க்கக் கடைக்கே அழைத்து வந்திருந்தார்.

“கைய அழுத்துனேன் பாரு, அப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு,” என்றார்.

ஈஸ்வரி வளையலை அடுக்கிக்கொண்டே, “ஆமாக்கா, நீங்கதான் கண்டுபிடிச்சீக,” என்றார்.

“கிண்டலா? இந்தா மஹா, கைய அப்புறம் நீட்டலாம். இந்த மாசம் செக்கப்புக்குப் போனியா?”

“விசேஷம் முடியட்டும்னு மாமியா சொன்னாக.”

முத்தழகு எழுந்துவிட்டார். “அளவு நாளைக்குப் பாக்கலாம் ஈஸ்வரி. மஹா, ஒன் மாமியாட்ட நான் பேசிக்கிறேன், நீ நட. ஆஸ்பத்திரி அங்குட்டுத்தான்.”