ஊர் என்றோர் ஊர்

1934-ஆம் வருஷம், ஒரு சனிக்கிழமை காலை. சுங்கை பாக்காப்பிலிருந்து பினாங்குக்குப் போகிறவர்கள் துணி எடுக்கப் போவார்கள், இல்லை பல் பிடுங்கிக்கொள்ளப் போவார்கள். நான் போனது என் தாத்தாவின் ஊர்ப் பெயரைக் கண்டுபிடிக்க. அது கிடைக்காவிட்டால் எனக்குக் கல்யாணம் இல்லை.

பெண் பினாங்கில் டத்தோ கிராமாட்டில் இருக்கிறாள், பெயர் ராஜாமணி. அவள் அப்பா மாணிக்கம் மாமா துறைமுகக் கிடங்கில் கணக்கெழுதும் கிராணி. பெண் பார்க்கப் போன அன்று என் வேலை, சம்பளம், மீசை எல்லாமே அவருக்குப் பிடித்திருந்தது. ஒரே ஒரு கேள்வியில் மாட்டிக்கொண்டேன்.

"தம்பிக்கு ஊரு எது?"

"சுங்கை பாக்காப், மாமா."

"அது இருக்கிற எடம்லா. ஊரு எதுன்னு கேக்குறேன். எங்களுக்கு மாயவரம். உங்களுக்கு?"

இந்த நாட்டில் 'ஊர்' என்றால் கப்பல் ஏறி இங்கே வருவதற்கு முன் இருந்த ஊர். என் அப்பா சிறு வயதிலேயே பெற்றோரை இழந்தவர், அவருக்கு அது தெரியாது. எங்களிடம் இருந்ததெல்லாம் ஒரு பெருமைதான். தாத்தா வெள்ளைக்காரத் துரைகள் முன்னால் சாட்சி சொன்னார், அதை அச்சடித்துப் புத்தகம் போட்டார்கள் என்று தீபாவளிக்குத் தீபாவளி அப்பா சொல்லுவார். விசாரித்ததில் அது உண்மை என்று தெரிந்தது. தோட்டத் தொழிலாளர் நிலையை அறியச் சட்டசபையார் அந்தக் காலத்தில் ஒரு கமிட்டி வைத்திருந்தார்களாம். ஒவ்வொரு சாட்சியின் பெயர், வயது, ஊர் எல்லாம் தலைப்பில் எழுதி, கேள்வியும் பதிலுமாக அச்சிட்டிருக்கிறார்களாம். புத்தகம் பினாங்கில் ஜார்ஜ் டவுன் நூலகத்தில் இருந்தது. மாமாவுக்கு எழுதினேன். தானும் கூட வந்து கண்ணால் பார்க்க வேண்டும் என்று பதில் போட்டார்.

பட்டர்வொர்த் வரை பதினெட்டு மைல், பஸ்ஸில் போனேன். பக்கத்து இருக்கையில் ஒரு கூடை வாத்து. அவை வழிநெடுக என் வேட்டியைக் கொத்திக்கொண்டு வந்தன. படகில் கடல் கடந்து இறங்கினால், துறையில் மாமா குடையோடு நிற்கிறார். சிரிக்கவில்லை. டிராமில் போகலாமே என்றேன்.

"எதுக்கு காசு? கிட்டத்தான்லா" என்று நடக்க ஆரம்பித்தார். கிட்டத்தில் இல்லை. நூலகப் படியேறும்போது இருவரும் கமிட்டியே இரங்கும் நிலையில் இருந்தோம்.

பொறுப்பாளர் ஒரு சீனப் பெரியவர். எங்கள் கைகளைத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் புத்தகத்தைத் தந்தார். தாத்தா பெயர் வீரப்பன். பெயர் அட்டவணையில் ஆங்கில 'வி' எழுத்தின் கீழ் வீரப்பன் யாரும் இல்லை. வெற்றிலை வியாபாரி வீரய்யா ஒருவர் இருந்தார். மாமா தொண்டையைக் கனைத்தார். கடைசியில், தாத்தா வேலை பார்த்த தோட்டத்தின் பெயரை வைத்துத் தேடினேன். வந்தார் தாத்தா, 'பீராப்பன்' என்ற பெயரில்! முன்னோரைத் தேடப் போகிறவர்களுக்குச் சொல்லி வைக்கிறேன்: பெயரை நம்பாதீர்கள், தோட்டத்தைப் பிடியுங்கள்.

மாமா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாய்விட்டுப் படித்தார். பீராப்பன், வயது நாற்பது, கூலி. பிறந்த இடம்... நிறுத்தினார். ஆங்கிலத்தில் மூன்றே எழுத்து. எப்படிக் கூட்டிப் படித்தாலும் 'ஊர்' என்றுதான் வந்தது.

எனக்குப் புரிந்துவிட்டது. "எங்கிருந்து வந்தாய்?" என்று கேட்டிருப்பார்கள். "ஊர்லேர்ந்து வந்தேன்" என்று தாத்தா சொல்லியிருப்பார். எழுதின துரை அதையே ஓர் ஊராக்கிவிட்டார்.

"ஊரு பேரே ஊரா? நல்லா இருக்குலா!" என்றார் மாமா. பொறுப்பாளர் உஸ்ஸென்றார்.

என் கல்யாணப் பேச்சு அந்த மேஜை மேலேயே முறிந்துவிட்டது என்று நினைத்தேன். சரி, வந்ததற்குத் தாத்தா பேசியதையாவது படிப்போம் என்று குனிந்தேன். உனக்கு ஏதாவது குறை உண்டா என்று கேட்டிருக்கிறார்கள். சோறு சரியில்லை என்றிருக்கிறார். வேறு குறை? வேறு ஒன்றும் இல்லை, சோறுதான் சரியே இல்லை. தாத்தாவை நான் பார்த்ததில்லை. அவர் பேசிக் கேட்டது அன்றுதான். சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கலங்கியது.

அடுத்த சாட்சியும் அதே தோட்டத்துக்காரர். மாமா பக்கத்தைப் புரட்டினார், புரட்டிய கை அப்படியே நின்றது. சின்னக்கண்ணு, வயது முப்பத்தைந்து, வண்டிக்காரர்.

"எங்கப்பா" என்றார் மெதுவாக. அவர் சாட்சி சொன்னது மாமாவுக்கே தெரியாது. பிறந்த இடத்தைப் பார்த்தோம். அதே மூன்று எழுத்து.

"மாயவரம்னு யார் மாமா சொன்னது?"

"அத்தை சொன்னாங்க." மறுபடி அந்த மூன்று எழுத்தைப் பார்த்துவிட்டு, "அத்தை நிறைய சொல்லுவாங்க" என்றார்.

சின்னக்கண்ணுவிடமும் குறை கேட்டிருக்கிறார்கள். முன்னே வந்தவர் சோற்றைப் பற்றிச் சொல்லிவிட்டாரா, சொல்லியிருந்தால் தனக்கும் அதேதான் என்றிருக்கிறார். மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்பா இப்படித்தான் பேசுவாரு" என்றார். இரண்டு பேரும் அன்று ஒரே பெஞ்சில் காத்திருந்திருப்பார்கள் என்று தோன்றியது.

வெளியே வந்ததும் மாமாவுக்குப் புதுக் கவலை. "ஒரே ஊருன்னா பங்காளியா இருந்துடப் போறோம், தம்பி!"

"புரட்டிப் பார்த்தேன் மாமா. தமிழாளுங்க எல்லாருக்கும் அதே ஊர்தான் போட்டிருக்கு. எல்லாரும் பங்காளின்னா இந்த நாட்டுல யாருக்கும் கல்யாணமே நடக்காது."

அவர் யோசித்தார். பிறகு கையைத் தட்டி ஒரு ரிக்‌ஷாவை நிறுத்தினார். "ஏறுங்க மாப்பிள்ளை" என்றார்.

டத்தோ கிராமாட்டில் ராஜாமணி கதவோரம் நின்றாள். "என்னப்பா, ஊரு தெரிஞ்சிச்சா?"

"நம்ம ஊருதாம்மா. போய் சோறு போடு."

சாப்பிட்டு எழும்போது மாமா கமிட்டித் தலைவர் தோரணையில் கேட்டார். "எதாச்சும் குறை இருக்கா?"

"சோறு நல்லா இருக்கு மாமா. வேற ஒண்ணும் இல்ல."

உள்ளே ராஜாமணி சிரித்தாள். ஏன் சிரித்தாள் என்று தெரியவில்லை, அவள் அந்தப் புத்தகத்தைப் படிக்கவில்லையே.

மாலைப் படகில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே, "தம்பிக்கு எந்த ஊரு?" என்று கேட்டார். பினாங்கு பின்னால் போய்க்கொண்டிருந்தது. காலையில் அந்தக் கேள்விக்குப் பயந்துகொண்டு வந்தவன் நான்.

"ஊர்தாண்ணே" என்றேன்.

"அட, நமக்கும் அங்கதான்" என்று வெற்றிலையை நீட்டினார்.