ஆத்தா தந்த உத்தரவு

இரண்டாம் வகுப்பு படித்த வருடம் சில நாட்கள் நான் மாரியம்மனாக இருந்தேன். ஆடி மாதம் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. வெள்ளிக்கிழமை தொடங்கியது என்கிறாள் அம்மா. வியாழன் என்று அத்தை இன்றும் சாதிக்கிறாள். இருவரையும் தனித்தனியே விசாரித்துப் பார்த்துவிட்டுக் கிழமையை விட்டுவிட்டேன்.

முதலில் சாதாரணக் காய்ச்சல் வந்து போனது. பிறகு கால்களில் கேழ்வரகு தெளித்தாற்போலச் சிவப்புப் புள்ளிகள். பார்த்ததும் அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அப்பாவின் அக்காவான அவளுடைய சொல்லுக்கு எங்கள் வெண்ணந்தூர் வீட்டில் மறுசொல் கிடையாது. “ஆத்தா வந்திருக்கறா” என்றாள். வாசலில் வேப்பிலை ஏறியது. சமையலில் தாளிப்பு நின்றது. அப்பா தறியை நிறுத்தினார்.

தறி ஓடாத வீட்டை அன்றுதான் முதன்முதலில் கேட்டேன். ஓட்டின் மேல் அணில் நடப்பதுகூடக் கேட்டது. வேப்பிலைப் படுக்கையில் மிதப்பதுபோலக் கிடந்தேன். தினமும் அதட்டி எழுப்பும் அப்பா வாசற்படியில் நின்று கும்பிட்டார். அண்ணன் மட்டும் விசிறிக்கொண்டே, “ஏனுங்க ஆத்தா, எம் பென்சிலை எப்பத் தருவீங்க?” என்று காதோரம் கேட்டு அடி வாங்கினான்.

புள்ளிகள் அரிக்கவில்லை, நீரும் கோக்கவில்லை. இடித்த நினைவே இல்லாத இடங்களில் நீலமாகக் கன்றியிருந்தது. அம்மா அதையெல்லாம் தடவித் தடவிப் பார்த்தாள். ஒரு காலையில் நான் வாய் கொப்பளித்த தண்ணீர் சிவப்பாக விழுந்தது. மூக்கிலும் ரத்தம் வந்தது. துணியை வைத்து அழுத்தியும் நிற்கவில்லை.

போர்வெல் லாரி ஓட்டும் மாமா, அம்மாவின் தம்பி, அன்று ஊர் திரும்பியிருந்தார். அம்மை கண்ட வீட்டுக்குள் வெளியூர் போய் வந்தவர் நுழையக் கூடாது என்பதால் ஜன்னலுக்கு வெளியே நின்றார்.

“அக்கா, கெளம்பு. ராசிபுரம் ஆஸ்பத்திரிக்குப் போயரலாம்.”

“தலைக்குத் தண்ணி ஊத்தாம ஆத்தாளை வெளிய கொண்டு போனா குடும்பம் வெளங்குமா?” என்றாள் அத்தை.

“ரத்தம் நிக்கலீங்களே” என்றாள் அம்மா.

“அவ உத்தரவு குடுக்கோணும். நீயும் நானும் ஆரு?”

அம்மா மூக்குத் துணியை என் கையில் கொடுத்தாள். “அப்பக் கேட்டுப் பாக்கறேனுங்க” என்று என் முன்னால் மண்டியிட்டுக் கை கூப்பினாள்.

“ஆத்தா, மாமன் லாரியில முன்னாடி, ஜன்னலோரமா உக்காந்துட்டு ராசிபுரம் போலாமுங்களா?”

மாரியம்மனுக்கு இருக்க வேண்டிய கனத்த குரலில், “போலாம்” என்றேன். அத்தை சட்டென்று என் காலில் விழுந்தாள். திருநீறும் பூசிவிட்டாள்.

மூக்கில் துணியை அழுத்தியபடி போதமலையைப் பார்த்துக்கொண்டு போனேன். மேகம் நின்றது, மலைதான் நகர்ந்தது. ராசிபுரத்திலிருந்து சேலத்துக்கு அனுப்பினார்கள். வந்தது அம்மையே இல்லை என்றார் அங்கிருந்த டாக்டர். காய்ச்சலோடு சண்டை போட்ட உடம்பு, ரத்தத்தை உறைய வைக்கும் தன் சொந்தத் தட்டணுக்களையே பகை என்று எண்ணி அழித்துக்கொண்டிருந்ததாம். இன்னும் தாமதித்திருந்தால் தலைக்குள்ளும் கசிந்திருக்கலாம் என்றாராம். மருந்தில் தேறினேன்.

அன்று என் வாயால் அருள்வாக்கு வந்ததாகவே பல வருடம் நம்பியிருந்தேன். ஊரெல்லாம் சுற்றும் மாரியாத்தாளுக்கு ஜன்னலோர சீட்டு எதற்கு என்று எனக்குத் தோன்றவேயில்லை.