ஈரலுக்குப் பத்து வாரம்

பேருந்துப் பணிமனையில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பத்தொன்பது வருடமாக ஒரே தடத்தில் வண்டி ஓட்டியதில் "நாப்பத்தேழு அக்கா" என்றே ஆகிவிட்டாள். ரயிலடியிலிருந்து துணி ஆலை வரைக்கும் நாற்பத்தேழாம் எண் வண்டி, ஒரு நாளைக்கு எட்டு நடை. ஒவ்வொரு நடை முடிவிலும் ஏழு நிமிடம் ஓய்வு. அந்த ஏழு நிமிடத்துக்குள் கழிப்பறைக்குப் போக வேண்டும், கண்ணாடியைத் துடைக்க வேண்டும், கையில் கிடைத்ததை விழுங்க வேண்டும். அப்படி விழுங்கியதெல்லாம் இடுப்பிலும் வயிற்றிலும் போய்க் குடியேறிவிட்டது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இருக்கையைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொள்வாள். அதற்கு மேல் அதைப் பற்றி யோசித்ததில்லை.

யோசிக்க வைத்தது தம்பியின் ஈரல்.

தம்பி அவளைவிட ஆறு வயது இளையவன், பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். எப்போதோ ரத்தத்தில் புகுந்த ஒரு கிருமி வருடக்கணக்கில் சத்தம் போடாமல் இருந்து ஈரலைத் தின்றுவிட்டிருந்தது. குடிக்காதவனுக்கு ஈரல் கெட்டால் யாரும் நம்புவதில்லை. பார்க்க வந்தவர்கள் எல்லாம் "இனிமேலாவது விட்டுடுப்பா" என்று புத்தி சொல்லிவிட்டுப் போனார்கள். அவனும் "சரிங்க, விட்டுடறேன்" என்று தலையாட்டினான். மறுத்துப் பேசத் தெம்பில்லை.

இறந்தவர்களின் ஈரலுக்காகக் காத்திருப்போர் பட்டியலில் அவன் பெயர் இருந்தது. ஆனால் அவனுக்கு முன்னால் நிறையப் பேர். சொந்தத்தில் யாராவது தன் ஈரலில் ஒரு பங்கைக் கொடுத்தால்தான் உண்டு என்றார்கள். அவன் மனைவியின் ரத்த வகை சேரவில்லை. அக்காவுடையது சேர்ந்தது.

"எப்ப வந்து படுக்கணும்னு மட்டும் சொல்லுங்க டாக்டர்" என்றாள் அவள்.

டாக்டர் ஸ்கேன் படத்தை அவள் பக்கம் திருப்பினார். "உங்க ஈரல்ல கால்வாசி கொழுப்பும்மா. இத எடுத்து அவருக்கு வச்சா சரியா வேலை செய்யாது. உங்ககிட்ட மிச்சம் இருக்கறதும் திணறிடும். கொழுப்பு நல்லாக் கொறையணும். பத்து வாரம் பாப்போம். அதுக்கு மேல உங்க தம்பி தாங்குவாரான்னு என்னால சொல்ல முடியாது."

விஷயத்தைக் கேட்டதும் தம்பி போனில் சிரித்தான். "உனக்குக் கொழுப்பு அதிகம்னு நான் சின்ன வயசுலேருந்து சொல்லிட்டிருக்கேன். டாக்டருக்கு இப்பதான் தெரிஞ்சிருக்கு."

"வாயை மூடு, நாயே" என்றாள். அவளுக்கும் சிரிப்பு வந்தது. போனை வைத்த பிறகு அடுப்படியில் வெகுநேரம் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றாள்.

ஒரே வாரத்தில் குளிர்பெட்டியின் கதவில் மூன்று காகிதங்கள் ஒட்டியாயிற்று. முதலாவது மருத்துவமனையின் உணவு ஆலோசகர் கொடுத்தது. அளந்து அளந்து ஒரு நாளைக்கு ஐந்து வேளை. முட்டை, பருப்பு, வேகவைத்த காய், கைப்பிடிச் சோறு. இரண்டாவது அவளுடைய பெரியப்பா மகள் எழுதி அனுப்பியது. சோறும் ரொட்டியும் அறவே கூடாது, கறியும் முட்டையும் எவ்வளவு வேண்டுமானாலும். மூன்றாவதைக் கொடுத்தது பணிமனையில் பேட்டரிகளைப் பார்த்துக்கொள்ளும் மனுஷர். எல்லாருக்கும் அவர் பேட்டரி அண்ணன். ஒரு நாளைக்கு ஒரே ஒரு வேளை சாப்பிட்டே இருபத்தொரு கிலோ குறைத்தவர்.

"ஆஸ்பத்திரி ஆலோசகர் சொல்றதத்தான கேக்கணும்?" என்றார் அவள் கணவர். மூக்குக்கண்ணாடிக் கடையில் வில்லை தேய்ப்பவர். எதையும் நிதானமாகத் தேய்த்துத்தான் பேசுவார்.

"அஞ்சு வேளைன்னா எங்க நின்னு சாப்பிடறது? வண்டியில டிபன் கேரியர் மாட்டிக்கவா? அதுவும் வாரத்துக்கு முக்கால் கிலோதான் கொறையுமாம். அவனுக்கு நாள் இருக்கா?"

உண்மையில் அவளுக்கு யோசிக்கவே அலுப்பாக இருந்தது. ஐந்து வேளைக்குக் கடைக்குப் போக வேண்டும், நறுக்க வேண்டும், அளக்க வேண்டும். ஒரே வேளை என்றால் இருபத்து மூன்று மணி நேரத்துக்குச் சாப்பாட்டைப் பற்றி எந்த முடிவும் எடுக்க வேண்டியதில்லை. பேட்டரி அண்ணனின் காகிதத்தை வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் கிழித்துப் போட்டாள்.

முதல் வாரம் மூன்று கிலோ குறைந்தது. "பாத்தியா, நான் சொன்னேன்ல" என்று பேட்டரி அண்ணன் மார்தட்டினார். அவளுக்கும் ஒரு வெறி வந்துவிட்டது. அந்த ஒரு வேளையிலும் பாதியை ஒதுக்கத் தொடங்கினாள். கணவரிடம் சொல்லவில்லை.

பன்னிரண்டாம் நாள், ஐந்தாவது நடை. வண்டியில் நிற்க இடமில்லை. பாலத்துக்கு முன்னால் உள்ள சிக்னலில் சிவப்பு விளக்கு இரண்டாகத் தெரிந்தது. கண்ணைக் கசக்கினாள். அப்புறமும் இரண்டுதான். பிரேக்கின் மேல் இருந்த கால் தையல் மெஷின் மாதிரி நடுங்கியது. பச்சை விழுந்ததும் மெதுவாக ஊர்ந்து, பாலம் ஏறாமல், வண்டியை ஓரங்கட்டினாள். கைப்பிரேக்கை இழுத்தாள், கதவுகளைத் திறந்துவிட்டாள்.

"எல்லாரும் எறங்கிக்கங்க. அடுத்த வண்டி பத்து நிமிஷத்துல வரும்."

"என்னம்மா வெளையாடறியா? வண்டி நல்லாத்தான இருக்கு?" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார்.

"வண்டி நல்லாத்தான் இருக்கு. நான்தான் சரியில்ல" என்றாள். அதன் பிறகு யாரும் கத்தவில்லை. முணுமுணுத்துக்கொண்டே இறங்கிப் போனார்கள்.

பணிமனை மேலாளர் அவளைவிடப் பத்து வயது சின்னவர். மயக்கம் ஏன் வந்தது என்று கேட்டார். பொய் வாய் வரைக்கும் வந்தும் அவள் சொல்லவில்லை. "பன்னெண்டு நாளா ஒரு வேளைதான் சார். இப்ப அதுலயும் பாதிதான்."

அவர் பேனாவை மூடினார். "உங்க தம்பி ஒருத்தரக் காப்பாத்தணும்னு நெனைக்கறீங்க. சரி. வண்டியில எழுவது பேரு இருந்தாங்க அக்கா."

டாக்டர் சீட்டு வரும்வரை ஸ்டீயரிங்கைத் தொடக் கூடாது என்று உத்தரவாயிற்று. பயணிகள் தொலைத்த குடைகளையும் பைகளையும் எடுத்துக் கொடுக்கும் ஜன்னலில் உட்கார்த்தி வைத்தார்கள். பேட்டரி அண்ணன் நாலு தடவை ஜன்னலுக்கு வந்து, "பாதியா சாப்பிடச் சொன்னேனா நான்? சொன்னேனா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அவள் தலையைக் குனிந்துகொண்டு உணவு ஆலோசகரிடம் திரும்பிப் போனாள். மகள் வயதுப் பெண் அவர். திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து வைத்தார்.

"அம்மா, உங்க டிரிப் நேரமெல்லாம் சொல்லுங்க. ஒண்ணு விடாம."

சொன்னாள். காலை ஆறு பத்துக்கு முதல் நடை. துணி ஆலையில் ஏழு நிமிடம். ரயிலடியில் ஏழு நிமிடம். மதியம் வண்டி மாறும்போது அரைமணி.

"இத நான் முன்னாடியே கேட்டிருக்கணும்" என்றார் அந்தப் பெண். "அஞ்சு வேளை வேணாம். மூணு போதும். வீட்ல கெளம்பறதுக்கு முன்னாடி ரெண்டு முட்டை. அந்த அரைமணியில பருப்பு, காய், கொஞ்சம் சோறு. சாயங்காலம் சூப்பும் ஒரு துண்டு மீனும். ஏழு நிமிஷத்துல தண்ணி மட்டும். மெதுவாத்தான் கொறையும். ஆனா ஒழுங்காக் கொறையும்."

"அதுக்குள்ள அவன்…"

"பட்டினி கெடந்து மயங்கி விழுந்தா ஆபரேஷன் டேபிள்ல உங்களப் படுக்க வைக்கவே மாட்டாங்கம்மா."

அப்புறம் நடந்ததில் சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. அதுதான் அதன் கஷ்டம். தினமும் அதே முட்டை, அதே பருப்பு. கணவர் கடைத் தராசு போலச் சின்னதாக ஒன்று வாங்கி வந்து அளந்து டப்பாவில் போட்டுக் கொடுத்தார். டாக்டர் சீட்டு கிடைத்ததும், மூன்றாம் வாரத்தின் முடிவில் மறுபடி வண்டி ஏறினாள். பொரித்த கோழிப் பொட்டலத்தோடு ஏறுகிறவர்கள் எல்லாரும் அவள் முதுகுக்குப் பின்னாலேயே வந்து நின்றார்கள். ஐந்தாம் வாரம் எடை ஆணி அடித்தாற்போல் நின்றுவிட்டது. ஆறாம் வாரமும் அப்படியே. அழுகை வரவில்லை, கோபமும் வரவில்லை. உடம்பு முழுவதும் ஈரச் சாக்கைப் போர்த்தியது போல ஒரு அசதி.

சாயங்காலம் தம்பி கூப்பிடுவான். அவன் குரல் நாளுக்கு நாள் மெலிந்துகொண்டே வந்தது. "இன்னிக்கு என்ன சாப்பிட்ட?"

"நேத்து சாப்பிட்டதுதான்."

"நானும். உப்பில்லாக் கஞ்சி. செவத்த நக்கினா இதவிட ருசியா இருக்கும்." கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, "முடியலன்னா விட்டுடு அக்கா. நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்" என்பான்.

"பேசாமப் படுடா" என்பாள்.

பத்தாவது வாரம் ஸ்கேன் எடுத்தார்கள். பதினோரு கிலோ குறைந்திருந்தாள். டாக்டர் முதல்முறையாகச் சிரித்தார். "இப்ப இது ஈரல் மாதிரி இருக்கு. வியாழக்கிழமை வச்சுக்கலாம்."

அதற்கு முன்பே, திங்கட்கிழமை, மூன்றாவது நடை முடிந்து போனைப் பார்த்தபோது கணவரிடமிருந்து ஒன்பது அழைப்புகள். எங்கோ ஒரு விபத்தில் யாரோ ஒருவர் மூளைச்சாவு அடைந்துவிட்டார். அவருடைய ஈரல் தம்பிக்குப் பொருந்தியது. பட்டியலில் அவனுக்கு முன்னால் மிஞ்சியிருந்த மூன்று பேரில் ஒருவருக்குக் காய்ச்சல், மற்ற இருவருக்குப் பொருந்தவில்லை. தம்பியை ஏற்கெனவே உள்ளே கொண்டுபோய்விட்டார்கள்.

மருத்துவமனை வராந்தாவில் சீருடையோடு உட்கார்ந்திருந்தாள். எட்டு மணி நேரம். பிழைத்துவிட்டான் என்று டாக்டர் வந்து சொன்னபோது தம்பி மனைவி அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவளுக்குக் கண்ணீர் வரவில்லை. நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று இறக்கிவைக்க இடமில்லாமல் நின்றது.

"என்னோடது வேண்டாம்னு ஆயிடுச்சுங்க" என்றாள் கணவரிடம், மெல்ல. சொன்ன உடனே கூசிப் போனாள்.

அவர் அவள் பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். "தேவைப்படல. அவ்வளவுதான். நீ தயாரா இருந்த. அது அவனுக்குத் தெரியும்."

பக்கத்து வரிசையில், அறிமுகமில்லாத ஒரு பெண்ணை இரண்டு பேர் கைத்தாங்கலாக வெளியே அழைத்துப் போனார்கள். அது யார், எதற்காக வந்தவள் என்று அவளுக்குத் தெரியாது. இறந்தவரின் சொந்தமாகவும் இருக்கலாம். ஆனாலும் அவர்கள் வளைவில் திரும்பும்வரை எழுந்து நின்றாள்.

அடுத்த நாள் லீவு போட்டுவிட்டுப் பகல் முழுவதும் தூங்கினாள். மூன்று வாரம் கழித்துத் தம்பியைப் பார்க்கப் போனபோது அவன் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். கண்ணில் இருந்த மஞ்சள் போயிருந்தது. அவளை மேலும் கீழும் பார்த்தான்.

"பாவம், சும்மாப் பட்டினி கெடந்துட்ட."

"ஆமா, சும்மாதான்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "கொஞ்சம் தள்ளிக்கோ. கால் வலிக்குது, மேல வச்சுக்கறேன்."

அவன் நகர்ந்து இடம் விட்டான்.