அக்காவின் கம்பெனி இலை

மும்பை குர்லா ரயில் பார்சல் ஆபீசில் இலைக்கட்டு இறங்கும் காலை வேளையில் யாரும் என்னிடம் பேச்சுக் கொடுக்கக் கூடாது. இருபத்தேழு வருஷமாக அப்படித்தான். முதலில் சாக்கைத் தொட்டுப் பார்ப்பேன். சூடாக இருந்தால் உள்ளே வாழை இலை வெந்துபோயிருக்கும். அன்றைய பொழுது போச்சு. குளிர்ந்திருந்தால் தாராவிக்குக் கொண்டுவந்து பிரிப்பேன். நுனி இலை மாட்டுங்கா மெஸ்களுக்கும் செம்பூர்க் கல்யாணச் சமையலுக்கும். கிழிசல் எங்கள் தெரு இட்லிக் கடைகளுக்கு. இதற்குமேல் என் தொழிலில் சொல்ல ஒன்றுமில்லை.

ஊரில் அக்கா வாழை போட்டிருக்கிறாள். மண்டிக்காரர் சொன்ன விலைக்கே கொடுக்க வேண்டியிருக்கிறது என்று போனில் புலம்புவாள். நானும் வாய் கிழியப் பேசுவேன்.

"வெயில்ல கெடந்து சாவுதது நீ, நடுவுல நிக்கவன் தின்னு கொழுக்கான். அவனுக்கு ஏன்க்கா குடுக்க?"

அந்த நடுவில் நிற்கிறவர்கள் வரிசையில் கடைசி ஆள் நான்தான் என்பது அப்போது உறைக்கவில்லை.

போன வருஷம் அக்கா ஊர்ப் பெண்களைச் சேர்த்துக் கம்பெனி தொடங்கினாள். விவசாயிகளே கம்பெனி வைத்து எந்த ஊருக்கும் நேராக விற்கலாம் என்று அதிகாரிகள் வந்து சொன்னார்களாம். தரம் பிரிக்க ஒரு கொட்டகை, குளிர் அறை, அட்டைப்பெட்டி. அக்காதான் டைரக்டர். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. தெருவில் நாலு பேரிடம் சொல்லியும் வைத்தேன்.

இந்தத் தை மாதம் டைரக்டரே நேரில் வந்து இறங்கினாள். சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள்.

"ஏல, நீ இலை போடுத எடமெல்லாம் எனக்குக் காட்டணும். இனி நாங்களே அனுப்பப் போறோம்."

"அப்ப நான்?"

"எத்தன நாளைக்குத்தான் கட்டு சொமப்ப? முதுகு வலிக்குன்னு நீதான சொன்ன."

சொன்னவன் நான்தான். கோபம் வந்தது, அதைப் பிடித்து வைத்துக்கொள்ளத் தெம்பில்லை. அவள் விரல்களைப் பார்த்தேன். வாழைக்கறை ஏறிக் கறுத்திருந்தன. அவளை நம்பிச் சேர்ந்த பெண்களும் ஊரில் காத்திருந்தார்கள்.

மறுநாள் இரண்டு பேரும் கிளம்பினோம். மாட்டுங்கா மெஸ்களில் தமிழ் செல்லும், அக்காவே பேசிக்கொண்டாள். நான் வாசலில் அவள் செருப்புக்குக் காவல். செம்பூர்க் கல்யாண மண்டபத்துச் சமையற்கட்டில்தான் மாட்டிக்கொண்டேன். அங்கே மேனேஜருக்கு இந்தி மட்டும்தான் தெரியும்.

அக்கா ஊரிலிருந்து கொண்டுவந்த அட்டைப்பெட்டியைத் திறந்தாள். ஒரே அளவில் நுனி இலைகள், ஒரு கிழிசல் இல்லை. இத்தனை வருஷத்தில் நான் அவருக்கு இப்படி ஒரு கட்டு கொடுத்ததில்லை. விலையைக் கேட்டவர், எப்படி இவ்வளவு குறைச்சலாகத் தர முடிகிறது என்றார். அக்காவிடம் கேட்டுச் சொன்னேன்.

"நடுவுல ஆள் கெடையாதுன்னு சொல்லுல," என்றாள்.

மேனேஜர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். வேறு ஏதாவது சொல்லி மழுப்பியிருக்கலாம். அவளுக்குத் தெரியப் போவதில்லை. ஒரு சொல் குறைக்காமல் அப்படியே சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். அப்படியானால் நீ யாரப்பா என்று இந்தியில் கேட்டார்.

"என்ன கேக்காரு?" என்றாள் அக்கா.

"நான் யாருன்னு கேக்காரு."

"இது என்ன கேள்வி? என் தம்பின்னு சொல்லு."

அதையும் நானேதான் இந்தியில் சொன்னேன்.